செல்வி பரிசு வாங்கிய அன்று

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி செல்வியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே புனேயில் நீயும் உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மாசி முடியவில்லை, அதற்குள் வெயில் பங்குனி போல அடிக்கிறது. மக்காச்சோளம் பன்றி தின்றது போக மிஞ்சியதை அறுத்தாயிற்று, கொத்தமல்லியும் பிடுங்கிக் களத்தில் அடித்து எடுத்துவிட்டோம். இப்போது காடு சும்மாதான் கிடக்கிறது, ராமசுப்பு அண்ணாச்சி அதில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறார், கேட்டால் இது ஒன்றும் பெரிய வலி இல்லை என்கிறார். நீ அனுப்பிய சேலை வந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போனேன். அந்த விழாவைப் பற்றித்தான் உனக்கு எழுதவேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது செல்வி பக்கத்திலேயே இருக்கிறாள். அவள் இல்லாத நேரத்தில் பேசலாம் என்று பார்த்தால் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. எழுதினால் நீ என் முகத்தைப் பார்க்காமல் படிப்பாய், நானும் உன் குரலைக் கேட்காமல் சொல்லிவிடுவேன், அதனால்தான். விழா அன்று சாயங்காலம் நீ போன் பண்ணி, தங்கச்சி பரிசு வாங்கினாளா, போட்டோ எங்கே என்று கேட்டாய். வாங்கினாள், போனில் சார்ஜ் இல்லை, அதனால் எடுக்கவில்லை என்று சொன்னேன். நீ அதை நம்பி, என் தங்கச்சியும் வகுப்பில் முதல் என்று ஸ்டேட்டஸ் போட்டாய். அது பொய் அமுதா. போனில் சார்ஜ் இருந்தது. அவள் முதல் மார்க்குக்குப் பரிசு வாங்கவில்லை. அவள் வாங்கிய பரிசு வேறு, அதை அவள் வாங்கும்போது நான் அங்கே இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். போன ஜூன் மாதம் நம் பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தலைமையாசிரியை வந்தார்கள், கிருஷ்ணவேணி டீச்சர். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார்கள். வந்ததும் ரேங்க் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ரேங்க் கார்டை வாங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் பாடத்துக்குப் பாடம் ஏ, பி, சி என்று போட்டிருக்கிறது, இன்னொரு பக்கம் முயற்சி என்று தலைப்புப் போட்டு, தெரியாததைக் கேட்கிறாளா, தப்பாகச் செய்ததைத் திரும்பச் செய்கிறாளா, வீட்டுப்பாடத்தைத் தானே செய்கிறாளா என்று எழுதியிருக்கிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உன் கார்டில் எல்லா மாதமும் ஒன்று என்று சிவப்பு மையில் போட்டிருக்கும், அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். அந்தப் பழக்கத்தில் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "டீச்சர், இதுல ரேங்க் எங்கன இருக்கு?" என்று கேட்டேன். அதற்கு அவர்கள், "ரேங்க் போட்டா முதல்ல வர்ற பிள்ளைக்கு மட்டுந்தாம்மா சந்தோஷம். உங்க பிள்ளை போன மாசம் எங்க நின்னுச்சு, இந்த மாசம் எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க" என்றார்கள். நான் பார்க்கவில்லை. செல்விக்குப் பாடத்தில் எல்லாம் சி தான் இருந்தது. சி என்றால் கடைசி என்று மட்டும் எனக்குத் தெரியும், மற்ற பக்கத்தைத் திருப்பாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போது சும்மாவும் கொடுக்கவில்லை, "உங்கக்கா இப்படியா வாங்குனா?" என்று கேட்டுத்தான் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் உன் பேரைச் சொல்லித்தான் அவளைக் குத்தியிருக்கிறேன். உனக்கு அது தெரியாது.

தை கடைசியில் டீச்சர் போன் பண்ணி, "செல்விக்கு ஆண்டு விழாவுல பரிசு இருக்கு, பரிசு வாங்குற பிள்ளைகளோட அம்மா அப்பாவையும் மேடைக்குக் கூப்பிடப்போறோம், ரெண்டு பேரும் வந்துருங்க" என்று சொன்னார்கள். எதற்குப் பரிசு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பரிசு என்றால் என் புத்திக்கு ஒன்றுதான் தெரியும். எப்படியோ கடைசியில் அக்கா மாதிரி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கே தெருவில் சொல்லிவிட்டேன், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னேன், கயத்தாறுக்குப் போன் போட்டு உன் சண்முகக்கனி அத்தையை வரச் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். செல்வியிடம் மட்டும் கேட்கவில்லை. அவளாக ஒரு தடவை வந்து, "எம்மா, அது எதுக்குக் குடுக்காவன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். "எல்லாம் தெரியும் ஏட்டி, போய்த் தலையைப் பின்னு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விழா அன்று அப்பாவுக்குக் காட்டில் மல்லி பிடுங்குகிற வேலை, ஆள் வந்துவிட்டதால் விட்டுவிட்டு வர முடியவில்லை. நானும் அத்தையும் முன் வரிசையிலேயே போய் உட்கார்ந்தோம். எட்டாம் வகுப்புக்குக் கொடுத்தார்கள், பிறகு செல்வி படிக்கும் ஏழாம் வகுப்பு. கார்டில்தான் ரேங்க் இல்லை, விழாவில் பாடத்தில் முதல் என்ற பரிசு இருந்தது, அதற்கு ராமசுப்பு அண்ணாச்சி மகள் பிரித்திகா பேரைக் கூப்பிட்டார்கள். ஆட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார், மகளோடு மேடை ஏறி நின்றார். முதல் பரிசு போய்விட்டது, அப்படியென்றால் என் பிள்ளைக்கு என்ன இருக்கிறது, இரண்டாவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணவேணி டீச்சர் மைக்கில், இந்த வருடத்து முயற்சிக்கான பதக்கம் முத்துச்செல்விக்கு என்று சொன்னார்கள். செல்வி வரிசையிலிருந்து எழுந்து மேடைக்குப் போனாள். டீச்சர் அதோடு விடவில்லை. "ஜூன் மாசம் நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தப்ப இந்தப் பிள்ளையால தமிழ்ப் புத்தகத்துல ஒரு வரியைச் சேர்த்து வாசிக்க முடியாது, எழுத்தெழுத்தாத்தான் கூட்டும். அதை என்கிட்ட மறைக்கல. அதுவா வந்து, மூணாங்கிளாஸ் பிள்ளைகளோட உக்காந்து படிக்கட்டா டீச்சர்னு கேட்டுச்சு. தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவுல போய் உக்காந்து படிச்சுச்சு. இப்ப ஏழாங்கிளாஸ் பாடத்தை நிறுத்தாம வாசிக்குது" என்று சொன்னார்கள்.

அமுதா, அந்த நேரத்தில் நான் அவள் வாசிக்கக் கற்றுக்கொண்டதைக் கேட்கவில்லை. என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஊர் முழுக்க மைக்கில் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. முகமெல்லாம் காந்தியது. உன் அத்தை என் காதருகில் குனிந்து, "ஏட்டி சங்கரம்மா, ஏழு வகுப்பு வந்த பிள்ளைக்கு இம்புட்டு நாளும் வாசிக்கவே தெரியாதா?" என்று கேட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள், எதற்குச் சிரித்தார்களோ, எனக்காகத்தான் சிரித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மைக்கில், பெற்றோர் மேடைக்கு வாங்க என்றார்கள். நான் எழவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். செல்வி மேடையிலிருந்து என்னைக் கை காட்டி, "டீச்சர், எங்கம்ம அந்தா அங்கன இருக்காவ" என்று சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அவள் என் மகளே இல்லை என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் நீ அனுப்பிய சேலையின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து, மேடைப் பக்கம் போகாமல், நாற்காலிகளுக்கு நடுவில் நுழைந்து வெளியே போய்விட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனேன்.

வீட்டுக்கு வந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. யூனிபாரத்தை மாற்றிக்கொண்டு கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். பதக்கம் எங்கே என்று நானும் கேட்கவில்லை. அத்தை கயத்தாறு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, சரி விடு, எல்லாப் பிள்ளையும் அமுதா ஆகிவிடுமா என்று செல்வி காதுபடவே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா வந்ததும் நானே நடந்ததைச் சொன்னேன், கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் வந்திருக்கணும். வந்திருந்தா மேல ஏறியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். திட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்துப் போனேன். அவர்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, மேசையில் அந்தப் பதக்கத்தை வைத்தார்கள். செல்வி மறுநாளே அதைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "இது எனக்கு வேண்டாம் டீச்சர், எங்கம்மைக்கு வெக்கமா இருக்கு" என்று சொன்னாளாம். அன்றிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரப் போவதில்லையாம். வகுப்பில் ஒரு சந்தேகமும் கேட்பதில்லையாம், வாசி என்றால் தொண்டை கட்டியிருக்கிறது என்கிறாளாம். டீச்சர், "ஜூன்லருந்து அவ தெரியலைன்னு சொல்லப் பயப்படாம இருந்தாம்மா. நான் பாத்த பிள்ளைகள்ல அதுதான் பெரிய விஷயம். இப்ப அது போயிருச்சு" என்றார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நீங்க அத்தனை பேருக்கு முன்னால அதைச் சொல்லியிருக்க வேண்டாம் டீச்சர், பிள்ளைக்கும் கூச்சமா இருந்திருக்கும்லா" என்றேன். பழியைக் கொஞ்சம் அவர்கள் பக்கம் தள்ளப் பார்த்தேன், அதுதான் உண்மை. அவர்கள் அதற்கும் கோபப்படவில்லை. "உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், அது என் தப்புதான். ஆனா அவகிட்ட கேட்டுட்டுத்தாம்மா சொன்னேன். சொல்லட்டுமா வேண்டாமான்னு கேட்டேன். சொல்லுங்க டீச்சர், எங்கம்மைக்குத் தெரியட்டும், வீட்டுல சொல்லப் போனா கேக்க மாட்டுக்காவன்னு சொன்னா" என்றார்கள்.

நான் அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஊருக்காக அந்த மேடையில் நிற்கவில்லை, எனக்குச் சொல்வதற்காக நின்றிருக்கிறாள். அவளுக்கு வாசிக்க வராது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பாட்டை எல்லாம் கேட்டு மனப்பாடமாகச் சொல்வாள், புத்தகத்தைத் திறந்து இது என்ன எழுத்து என்றால் முழிப்பாள், பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொண்டேன், நீ தானாகப் படித்துக்கொண்டாயே, அது போல இவளும் ஒரு நாள் படித்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். நான் செய்ய வேண்டியதை ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து தானாகச் செய்துகொண்டது, அதற்குக் கொடுத்த பதக்கத்தைப் பார்த்துத்தான் நான் எழுந்து ஓடினேன்.

வீட்டுக்கு வந்து, ஒரு பாடம் வாசித்துக் காட்டு என்று அவளிடம் கேட்டேன். "நீ கேட்டா எனக்குத் தப்பா வரும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். கருப்பட்டிப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன், தின்றாள், தட்டைக் கழுவி வைத்தாள். அம்மா செய்தது தப்பு என்று சொன்னேன், "சரிம்மா" என்றாள். எதிர்வீட்டுக்காரர்களோடு பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினாள். இந்தப் பிள்ளையிடம் நாலு சுவருக்குள் சொல்லித் தீராது, ஊர் பார்க்கச் செய்ததை ஊர் கேட்கத்தான் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வந்தது. அப்பாவும் வந்தார், சட்டை போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சத்துணவு, கழிப்பறைக் கதவு என்று பேசி முடித்து, வேறு யாராவது பேசணுமா என்று டீச்சர் கேட்டார்கள். எழுந்தேன். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "விழாவுல எம் மகளை மேடையில நிக்க வச்சிட்டு எந்திரிச்சுப் போனது நான்தான், எல்லாரும் பாத்திருப்பீய. அவளுக்கு வாசிக்கத் தெரியாம இருந்ததுல எனக்கு வெக்கமாப் போச்சு. இப்ப அது வெக்கம் இல்ல. அவ கத்துக்கிட்டதை நான் நின்னு பாக்காமப் போனேன் பாத்தியளா, அதுதான் எனக்கு வெக்கம். அந்தப் பதக்கத்தை அவ வாங்குறதும் வேண்டாங்கிறதும் அவ இஷ்டம். ஆனா எங்கம்மைக்கு வெக்கம்னு அவ சொன்னது எம் மேல உள்ள தப்பு, அவ மேல ஒண்ணும் இல்ல. இதை எல்லாரும் கேக்கணும்னுதான் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ராமசுப்பு அண்ணாச்சிதான் எழுந்து, "எம் மக கணக்குல சந்தேகம்னாலும் கேக்கமாட்டா, முதல் மார்க் வாங்குற பிள்ளை கேட்டா சிரிப்பாவன்னு பயப்படுதா. உங்க மக தைரியம் அவளுக்கு இல்ல" என்றார். அவர் சொன்னது எனக்காகச் சொன்னதா, மெய்யாகவே அப்படியா என்று தெரியவில்லை. ஆனால் சொன்னார்.

பிரித்திகா வழியாகச் செல்விக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சனி, ஞாயிறு போனது. திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் திரும்ப மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று டீச்சர் போன் பண்ணிச் சொன்னார்கள். பதக்கம் இன்னும் அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது, அவள் கேட்கவில்லை, நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நானும் அவளும் முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் பாசிப்பயறைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் சுளகிலிருந்து தலையை எடுக்காமலே, "எம்மா, அன்னைக்கு எந்திரிச்சு எங்கன போன?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றேன் என்று சொன்னேன். "வீட்டுக்குப் போகலையா?" என்றாள். இல்லை, அங்கேயேதான் நின்றேன் என்றேன். கொஞ்ச நேரம் பயறைத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ கைதட்டுனது உனக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டாள். கேட்டது என்று சொன்னேன். உடனே முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "ரொம்ப நேரம் தட்டுனாவல்லா?" என்றாள். ஆமாம் தாயி, ரொம்ப நேரம் தட்டினார்கள் என்று சொன்னேன். மெய்யாகவே ரொம்ப நேரம் தட்டினார்கள் அமுதா, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அது முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை, அது இனி என் பாடு.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை தாயி, நீ முதலாவதாக வந்தது உன் உழைப்பு, அதை நான் அவள் முதுகில் ஏற்றிவைத்தது என் புத்தி. ஆனாலும் நீ போன் பண்ணும்போது எத்தனாவது வந்தாய் என்று அவளிடம் இனிமேல் கேட்காதே, இன்றைக்கு என்ன வாசித்தாய் என்று கேள். அவள் சொல்ல நேரமாகும், நீ இடையில் எடுத்துக்கொடுக்காமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிரு. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, அந்த ஊர்ச் சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சோறு வடித்துக்கொள், சோம்பல்படாதே. பல் வலிக்கு இன்னும் டாக்டரைப் பார்க்கவில்லை என்று போன வாரமும் சொன்னாய், இந்த வாரம் கட்டாயம் போ. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், பங்குனி உத்திரத்துக்குச் சாத்தா கோவிலுக்கு வர லீவு கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். நீ எங்கே இருந்தாலும் உன் கை கால் சுகமாக, மனசு தெளிவாக, நாலு பேருக்கு நல்லவளாக இருக்கவேண்டும் என்று சாத்தாவை வேண்டிக்கொள்கிறேன். இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, அவளுக்குப் பண்ணு.

உன்னிடம் பொய் சொன்னதற்கும் வெட்கப்படும்
உன் அம்மா
சங்கரம்மாள்